தோட்டத்தில் பிறந்த பார்லிமெண்டு

சில மாதங்களுக்கு முன் ஜோலார்ப்பேட்டைக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். எதிர்ப் பலகையில் ஒரு வக்கீல். என் பக்கத்தில், ஜன்னலோரமாக, ஆம்பூர்த் தோல் வியாபாரி ஒருவர். அறுபத்தைந்து வயதிருக்கும். வெள்ளைத் தாடி, வெள்ளைத் தொப்பி. அரக்கோணம் வருவதற்குள் மூவரும் சிநேகிதமாகிவிட்டோம். காட்பாடி வருவதற்குள் பேச்சு விலைவாசியிலிருந்து அரசியலுக்கும், அரசியலிலிருந்து மேற்கு ஆசியாவுக்கும் போய்விட்டது. ரயில் பேச்சுக்கு டிக்கெட்டும் கிடையாது, தண்டவாளமும் கிடையாது.

"என்ன சார், அந்தப் பக்கத்தில் ஒழுங்கான பார்லிமெண்டு எத்தனை நாட்டில் நிலைத்திருக்கிறது? இஸ்லாத்துக்கும் ஜனநாயகத்துக்கும் ஏழாம் பொருத்தம். அது மேல்நாட்டுச் சரக்கு. அந்த மண்ணில் முளைக்காது" என்றார் வக்கீல். சொன்ன பிறகுதான் என் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது நினைவு வந்ததோ என்னவோ, "பாய், உங்களைச் சொல்லவில்லை" என்று சிரித்தார்.

பெரியவரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆம்பூரில் மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கும்போது என்னிடம் மட்டும், "வர்றேன் தம்பி. கதை எழுதறேன்னு சொன்னீங்களே, இதுக்கும் ஒரு கதை இருக்கும். பாத்துச் சொல்லுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் வாய் திறக்காததற்குக் காரணம் மரியாதை அல்ல, அறியாமை. கல்லூரியில் நான் படித்த இரண்டு வருஷங்களில் பாரசீகம் என்றால் டேரியஸ் மன்னன். அவனும் அலெக்ஸாண்டரிடம் தோற்பதற்காகவே பாடப்புத்தகத்தில் வருவான். அதற்குப் பின் அந்த நாட்டில் இரண்டாயிரம் வருஷம் ஒன்றுமே நடக்கவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டு பரீட்சையும் எழுதிவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் ஊர் திரும்பியதும் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். பெரியவர் சொன்னது சரி. ஒரு கதை இருக்கத்தான் இருந்தது.

அது புகையிலையில் ஆரம்பிக்கிறது. 1890-ல் பாரசீக மன்னர் நாஸிருத்தீன் ஷா, தம் நாட்டில் புகையிலை பயிரிடுவது, விற்பது, ஏற்றுமதி செய்வது எல்லாவற்றையும் 50 வருஷத்துக்கு டால்பட் என்ற ஓர் ஆங்கிலேய மேஜரிடம் குத்தகைக்கு விட்டார். வருஷத்துக்கு 15,000 பவுன், லாபத்தில் கால் பங்கு. தன் தோட்டத்துப் புகையிலையைத் தானே விற்க முடியாது என்று பாரசீகக் குடியானவன் ஒரு நாள் காலையில் தெரிந்துகொண்டான். கடைத்தெரு கொதித்தது. 1891 டிசம்பரில் ஸாமராவில் இருந்த பெரிய மார்க்க அறிஞர் மிர்ஸா ஹஸன் ஷீராஸியின் பெயரால் ஒரு பத்வா வந்தது: இனிப் புகை பிடிப்பது பாவம். அவ்வளவுதான். நாடு முழுவதும் ஹுக்கா அணைந்துவிட்டது. அரண்மனை அந்தப்புரத்திலேயே ராணிகள் ஹுக்காக்களை எடுத்து வைத்துவிட்டார்களாம். தம் வீட்டிலேயே தம் உத்தரவு செல்லாது என்று தெரிந்த பிறகு ஷா குத்தகையை ரத்து செய்தார். கம்பெனிக்கு 5 லட்சம் பவுன் நஷ்ட ஈடு. அதற்கும் ஆங்கிலேய பாங்கியில்தான் கடன். நம் ஊரில் அந்நியத் துணி பகிஷ்காரம் பிறப்பதற்குச் சுமார் பதினாலு வருஷம் முந்திய சங்கதி இது.

மன்னர் உத்தரவைக் குடிகள் மாற்ற முடியும் என்பதை ஒரு தரம் கண்டுகொண்ட ஜனங்கள் அதை மறக்கவில்லை. 1896-ல் நாஸிருத்தீன் ஷா சுட்டுக் கொல்லப்பட்டார். மகன் முஸஃபருத்தீன் நோயாளி. நல்ல மனசு, ஓட்டைக் கை. ருஷ்யாவிடம் 1900-லும் 1902-லும் கடன் வாங்கி ஐரோப்பாவுக்கு யாத்திரை போய் வந்தார். கடனுக்கு ஈடாகச் சுங்க வரும்படி போயிற்று. கல்கத்தாவில் 1893 முதல் அச்சான 'ஹப்லுல் மத்தீன்' என்ற பாரசீகப் பத்திரிகை எல்லை தாண்டி நாட்டுக்குள் போய், படித்தவர்கள் கையில் மாறி மாறித் திரிந்தது. பாரசீகத்தின் அரசியல் விழிப்பில் நம் வங்காளத்து அச்சு மைக்கும் ஒரு சொட்டுப் பங்கு உண்டு.

1905 டிசம்பரில் சர்க்கரை விலை ஏறியது. ருஷ்ய-ஜப்பானிய யுத்தத்தால் வரத்து குறைந்துபோனதுதான் காரணம். ஆனால் டெஹ்ரான் கவர்னர் வியாபாரிகளைப் பிடித்து உள்ளங்காலில் பிரம்பால் அடிக்க உத்தரவிட்டார். அடி வாங்கியவர்களில் ஒருவர், சொந்தச் செலவில் பள்ளிவாசல் கட்டிய முதியவர். மறுநாள் கடைகள் திறக்கவில்லை. தபாதபாயி, பெஹ்பஹானி என்ற இரண்டு பெரிய ஸையத்துகளின் தலைமையில் உலமாக்களும் வியாபாரிகளும் நகருக்கு வெளியே ஷா அப்துல் அஸீம் தர்காவில் போய் உட்கார்ந்தார்கள். அந்த நாட்டில் இதற்கு 'பஸ்த்' என்று பெயர். புனித ஸ்தலத்தில் அடைக்கலம் புகுந்தவனை ராஜாவும் தொடக்கூடாது. அவர்கள் அப்போது கேட்டது பார்லிமெண்டு அல்ல. 'அதாலத் கானா', அதாவது நியாயம் வழங்கும் ஒரு வீடு. ஷா சரி என்றார். வழக்கம் போல் ஒன்றும் நடக்கவில்லை.

1906 கோடையில் மறுபடி கலவரம். ஒரு மதரஸா மாணவன் சிப்பாயின் குண்டுக்குப் பலியானான். உலமாக்கள் நகரை விட்டுக் கும் என்ற ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போய்விட்டால் கல்யாணத்துக்கும் ஆள் இல்லை, பத்திரம் எழுதவும் ஆள் இல்லை. மிஞ்சிய வியாபாரிகள் எங்கே போவார்கள்? தர்காவுக்குப் போகும் வழியில் பட்டாளம் நிற்கிறது. அவர்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. பிரிட்டிஷ் தூதரகத்துக்கு டெஹ்ரானில் பெரிய தோட்டம் ஒன்று உண்டு. வெயில் காலமாதலால் துரைமார் மலையடிவாரத்துக் குல்ஹக் கிராமத்தில் இருந்தார்கள். இரண்டொருவர் அங்கே போய், "நாங்கள் உங்கள் தோட்டத்தில் அடைக்கலம் புகுந்தால் துரத்துவீர்களா?" என்று கேட்டார்கள். தூதரகப் பொறுப்பில் இருந்த கிராண்ட் டஃப், "வராமல் இருந்தால் நல்லது. வந்தால் பலாத்காரமாக வெளியேற்ற மாட்டோம்" என்ற பொருளில் பதில் சொன்னார். அது போதாதா?

ஜூலை 19-ந் தேதி ஐம்பது பேர் போல வந்தார்கள். ஆகஸ்டு ஆரம்பத்தில் அந்தத் தோட்டத்தில் 12,000-க்கு மேல் ஜனம். இந்தக் காட்சியை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை; நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கிட்டத்தட்ட 500 கூடாரங்கள். செருப்புத் தைப்பவர்களுக்கு ஒரு கூடாரம், ஈயம் பூசுகிறவர்களுக்கு ஒன்று, அக்ரோட்டு விற்பவர்களுக்குக்கூட ஒன்று. தோட்டத்து மூலையில் அடுப்பு வெட்டி, பெரிய பெரிய அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறியும் வெந்தன. செலவு பெரிய வியாபாரிகளுடையது. பூச்செடிகள் எல்லாம் துவம்சம். ஆனால் களவில்லை, அடிதடியில்லை. இரவில் கூடாரத்துக்குக் கூடாரம் முல்லா ஒருவர் கர்பலாவின் கதையைச் சொல்லி அழ வைப்பார். பகலில் கல்லூரி மாணவர்கள் வந்து, ஐரோப்பாவில் ராஜாவின் கையைச் சட்டம் எப்படிக் கட்டிவைத்திருக்கிறது என்று விளக்குவார்கள். யஸீதின் அநியாயமும் பெல்ஜியத்து அரசியல் சட்டமும் ஒரே பந்தலில் பாடமாயின. செருப்புத் தைப்பவர் இரண்டையும் கேட்டார். இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

உள்ளே போனபோது நியாய வீடு கேட்டவர்கள், சில நாட்களில் 'மஜ்லிஸ்' கேட்டார்கள். ஆகஸ்டு 5-ந் தேதி ஷா சம்மதித்துக் கையெழுத்திட்டார். அதிலும் ஒரு சச்சரவு. 'இஸ்லாமிய ஆலோசனை சபை' என்று அரண்மனைப் பக்கம் ஒரு பெயர் அடிபட்டது. தோட்டத்து ஜனங்கள் ஏற்கவில்லை. 'தேசிய ஆலோசனை சபை' என்று போடுங்கள் என்றார்கள். மார்க்கத்தின் பெயரைப் போட்டால், நாளைக்கு ஒரு பிரதிநிதியைப் பிடிக்காதபோது 'இவன் மார்க்க விரோதி' என்று சொல்லி வெளியே தள்ளிவிடலாமே! இந்த நுட்பம் அறிந்தவர்கள் ஆக்ஸ்போர்டில் படித்தவர்கள் அல்ல. கடைத்தெருவில் துணி அளந்தவர்கள்.

1906 அக்டோபர் 7-ந் தேதி மஜ்லிஸ் கூடியது. டெஹ்ரானின் 60 இடங்களில் 32, தொழில் சங்கங்களுக்கு. ஜொராஸ்திரியர்களுக்குச் சொந்தப் பிரதிநிதி உண்டு. ஆர்மீனியர்கள் தங்கள் சார்பில் தபாதபாயியையும், யூதர்கள் பெஹ்பஹானியையும் இருக்கச் சொன்னார்கள். யூதர்களுக்காக ஒரு முஜ்தஹித் சபையில் உட்கார்ந்திருந்தார்! அந்நியக் கடன் இனி வேண்டாம், தேசிய பாங்கி ஒன்று வைத்துக்கொள்வோம் என்று சபை சொன்னபோது பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். டிசம்பர் 30-ந் தேதி, மரணப் படுக்கையில், ஷா அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டார். சில நாளில் காலமானார்.

எல்லா உலமாக்களும் ஒரே பக்கம் இருந்தார்கள் என்று எழுதினால் நான் வக்கீலின் தவறையே தலைகீழாகச் செய்தவன் ஆவேன். ஷேக் ஃபஸ்லுல்லா நூரி என்ற மகா வித்துவான் ஆரம்பத்தில் இயக்கத்தோடு இருந்தவர், பின்பு எதிர்த்தார். ஆண்டவன் சட்டம் இருக்கும்போது மனிதன் சட்டம் செய்வதாவது? முஸ்லிமும் அல்லாதவனும் சட்டத்தின் முன் ஒன்று என்பதாவது? அவர் வற்புறுத்தியதன் பேரில், ஐந்து முஜ்தஹித்துகள் சட்டங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று 1907-ல் ஒரு விதி சேர்ந்தது. அதே வருஷம் எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்ற விதியும் சேர்ந்தது. மறு பக்கத்தில் நஜஃபிலிருந்த அக்கூந்த் குராஸானி, நூரியைவிடப் பெரியவர், அரசியல் சட்டத்தை ஆதரித்தார். அவரைச் சேர்ந்த நாயினி 1909-ல் ஒரு புத்தகமே எழுதினார். கட்டுப்பாடில்லாத ராஜா, ஆண்டவனுக்குரியதையும் குடிகளுக்குரியதையும் சேர்த்தே திருடுகிறான். அவன் கையைக் கட்டுவது மார்க்கக் கடமை என்பது அவர் வாதம். ஆக, இஸ்லாமும் ஜனநாயகமும் பொருந்துமா என்ற விவகாரம் அந்த மண்ணிலேயே, அந்தப் பாஷையிலேயே, ஆலிமுக்கு எதிரே ஆலிம் நின்று வாதாடிய வழக்கு. மேல்நாட்டார் கண்டுபிடித்த கேள்வி அல்ல.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே கோர்ட்டுக் கட்டடத்தின் மேல் குண்டு விழுந்தது.

1907 ஆகஸ்டு 31-ந் தேதி பிரிட்டனும் ருஷ்யாவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பாரசீகத்தின் சுதந்திரத்தை இருவரும் மதிப்பதாக முதல் வரியில் சொல்லிவிட்டு, வடக்கே ருஷ்யாவின் செல்வாக்கு, தென்கிழக்கே பிரிட்டனின் செல்வாக்கு, நடுவே பொது என்று பிரித்துக்கொண்டார்கள். பாரசீகத்தை யாரும் கேட்கவில்லை. லண்டன் 'பஞ்ச்' பத்திரிகை ஒரு கார்ட்டூன் போட்டது: சிங்கமும் கரடியும் ஒரு பூனையை நடுவில் வைத்துக்கொண்டு, யார் தலையைத் தடவுவது, யார் வாலைத் தடவுவது என்று பேசிக்கொள்கின்றன. ஜெர்மனியைக் கண்டு பயந்த பிரிட்டனுக்கு ருஷ்யாவின் சிநேகிதம் தேவைப்பட்டது. முந்திய வருஷம் தோட்டத்தைத் திறந்துவிட்டவர்கள் அதற்கு விலையாக எதைக் கொடுத்தார்கள் என்பது சீக்கிரமே தெரிந்தது.

புதிய ஷா முகம்மது அலி, ருஷ்யர் பிடியில் இருந்தவர். அவருடைய கொஸாக் படையில் சிப்பாய்கள் பாரசீகர்; அதிகாரிகள் ருஷ்யர். 1908 ஜூன் 23-ந் தேதி கர்னல் லியாகோவ் பீரங்கிகளைக் கொண்டுவந்து நிறுத்தி மஜ்லிஸ் கட்டடத்தை இடித்தார். மறுநாள் 'ஸூரே இஸ்ராஃபீல்' பத்திரிகை ஆசிரியர் ஜஹாங்கீர் கானும், புகழ்பெற்ற பிரசங்கி ஒருவரும் அரண்மனைத் தோட்டத்தில் கொல்லப்பட்டார்கள். எழுபது பேர் போல மறுபடி அதே பிரிட்டிஷ் தூதரகத்துக்குள் ஓடினார்கள். இம்முறை வெளியே கொஸாக்குகள் சுற்றி நின்றதால் மேலும் ஜனம் வர வழியில்லை. அண்டாவும் இல்லை, கூடாரமும் இல்லை.

தப்ரீஸ் நகரம் மட்டும் பணியவில்லை. ஷாவின் படை வந்தபோது வீடுதோறும் வெள்ளைக் கொடி ஏறியது. ஸத்தார் கான் என்ற பழைய குதிரை வியாபாரி தெருத்தெருவாகப் போய் அவற்றை இறக்கினார். மாதக்கணக்கில் முற்றுகை. கடைசியில் ஜனங்கள் புல்லைத் தின்றார்கள். அந்த ஊர் அமெரிக்க மிஷன் பள்ளியில் ஹோவர்டு பாஸ்கர்வில் என்ற இளைஞன் வாத்தியாராக இருந்தான். நெப்ராஸ்காவில் பிறந்தவன், பிரின்ஸ்டன் பட்டதாரி, வயது இருபத்து நாலு. தன் மாணவர்கள் பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்த அவனால் முடியவில்லை. அமெரிக்கத் தூதரக அதிகாரி எச்சரித்தார். வேலையை விட்டான், மாணவர்களுக்குக் கவாத்து சொல்லிக் கொடுத்தான். 1909 ஏப்ரலில் முற்றுகையை உடைத்து உணவு கொண்டுவரச் சிறு கூட்டத்தோடு புறப்பட்டான். குண்டு பட்டு இறந்தான். தனக்கும் இந்த ஜனங்களுக்கும் பிறந்த ஊர் ஒன்றுதான் வித்தியாசம் என்று அவன் சொன்னதாக இன்றும் அங்கே சொல்லுகிறார்கள். சில நாட்கள் கழித்து ருஷ்யப் பட்டாளம், உணவுக்கு வழி திறக்கிறோம் என்று ஊருக்குள் வந்தது. வழியும் திறந்தது, பட்டாளமும் தங்கிவிட்டது.

1909 ஜூலையில் வடக்கிலிருந்து கீலான் படையும் தெற்கிலிருந்து பக்தியாரிகளும் டெஹ்ரானைப் பிடித்தார்கள். ஷா ருஷ்யத் தூதரகத்தில் 'பஸ்த்' புகுந்தார்! பதினொரு வயது மகன் பட்டத்துக்கு வந்தான். வெற்றி பெற்றவர்களும் தேவர்களாக இருக்கவில்லை. ஜூலை 31-ந் தேதி ஷேக் நூரியைச் சதுக்கத்தில் தூக்கிலிட்டார்கள். குற்றம் சாட்டி வாதித்தவரும் ஓர் ஆலிம்தான். ருஷ்யக் கொடியின் கீழ் உயிர் பிழைக்கலாம் என்று யோசனை சொன்னபோது கிழவர் மறுத்துவிட்டாராம். அவர் வாதம் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அந்தத் தூக்குமரத்தை என்னால் ஜனநாயகத்தின் கணக்கில் வரவு வைக்க முடியவில்லை. அடுத்த வருஷம் பெஹ்பஹானி சுடப்பட்டார். ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொல்லி வந்த புதிய சர்க்காரின் படையே ஸத்தார் கானின் காலில் குண்டு பாய்ச்சியது. கட்சிச் சண்டை, கஜானா காலி.

கஜானாவைச் சரிப்படுத்த 1911 மே மாதம் அமெரிக்காவிலிருந்து மார்கன் ஷுஸ்டர் என்பவரை அழைத்துவந்தார்கள். அவர் செய்த பெரிய குற்றம், பாரசீகத்தின் சம்பளத்தை வாங்கிக்கொண்டு பாரசீகத்துக்கே வேலை செய்தது. வரி கட்டாத பிரபுக்களையும் விடவில்லை. நவம்பரில் ருஷ்யா இறுதி எச்சரிக்கை விடுத்தது: 48 மணி நேரத்தில் ஷுஸ்டரை நீக்க வேண்டும், இனி எங்களையும் பிரிட்டனையும் கேட்காமல் எந்த அந்நியரையும் வேலைக்கு வைக்கக் கூடாது, உங்கள் மேல் படையெடுத்த செலவையும் நீங்களே கொடுக்க வேண்டும். இதே 1911 ஆகஸ்டில்தான், லண்டனில், பிரபுக்கள் சபையின் அதிகாரத்தைக் குறைத்து, ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபையே பெரிது என்று சட்டம் செய்திருந்தார்கள். அந்த மந்திரிசபையின் வெளிநாட்டு மந்திரி ஸர் எட்வர்டு கிரே, ஷுஸ்டர் போவதே நல்லது என்றார்.

டிசம்பர் 1-ந் தேதி, கெடு முடிய மத்தியானம் பன்னிரண்டு அடிக்கச் சிறிது நேரம் இருக்கையில், மஜ்லிஸ் கூடியது. ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டார்கள். குருமார், வியாபாரி, கிழவர், வாலிபர், ஒவ்வொருவராக எழுந்து 'முடியாது' என்றார்கள். வாசலுக்கு வெளியே கொஸாக்குகளை வைத்துக்கொண்டு வெறுங்கையோடு சொன்ன 'முடியாது'. எதிர்ப்பு தளரும் என்ற பேச்சு எழுந்தபோது, முக்காடு போட்ட 300 பெண்கள் மஜ்லிஸுக்கு நடந்து போனார்கள் என்று அப்போது அங்கிருந்த ஷுஸ்டர் எழுதியிருக்கிறார். பலரது மடியில் கைத்துப்பாக்கி. நீங்கள் பணிந்தால் உங்களையும் எங்கள் புருஷர்களையும் சுட்டுவிட்டு நாங்களும் சாவோம் என்று சபைத் தலைவரிடம் சொல்லிவிட்டு வந்தார்களாம். அந்த வருஷம் இங்கிலாந்தில் ஒரு பெண்ணுக்கும் பார்லிமெண்டு வோட்டு இல்லை.

சபை பணியவில்லை. பணிந்தது சர்க்கார். டிசம்பர் 24-ந் தேதி மஜ்லிஸ் பூட்டப்பட்டது. பூட்டச் சொன்ன ரீஜண்டு, இளமையில் ஆக்ஸ்போர்டு பேலியல் கல்லூரியில் படித்த நாஸிருல் முல்க். நாட்டைக் காக்கத் தாமே புறப்படவிருந்த அக்கூந்த் குராஸானி அதற்குச் சில நாள் முன்பு நஜஃபில் திடீரென்று காலமாகியிருந்தார். தப்ரீஸில் டிசம்பர் 31-ந் தேதி, முஹர்ரம் பத்தாம் நாள், ஊரே ஹுஸைனுக்காக அழுதுகொண்டிருந்த ஆஷூரா தினத்தில், ஸிகதுல் இஸ்லாம் என்ற மார்க்கத் தலைவரையும் இன்னும் ஏழு பேரையும் ருஷ்யர் தூக்கிலிட்டார்கள். ஜனவரியில் ஷுஸ்டர் நாடு திரும்பினார். அந்த வருஷமே ஒரு புத்தகம் எழுதினார். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'பாரசீகத்தின் கழுத்தை நெரித்த கதை' என்று வரும். கேம்பிரிட்ஜில் பேராசிரியர் பிரௌன் என்ற ஆங்கிலேயர் இவர்களுக்காகத் தம் நாட்டு மந்திரிகளோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். மேல்நாடு என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். பிரௌனும் மேல்நாடு, கிரேயும் மேல்நாடு. பாஸ்கர்வில்லும் மேல்நாடு, லியாகோவும் ஏறக்குறைய மேல்நாடு.

மஜ்லிஸ் பிற்பாடு மறுபடி திறந்தது, மூடியது, ஷாக்களின் பொம்மையாக இருந்தது, ஒரு தரம் நிமிர்ந்தும் நின்றது. முதல் மஜ்லிஸுக்கு இஸ்பஹானில் ஓர் இளைஞனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வயது போதாது என்று உட்கார விடவில்லை. அவர்தான் முஸத்திக். 1951-ல் எண்ணெயை நாட்டுடைமை ஆக்குவதில் முன்னின்றார், அதே வருஷம் பிரதம மந்திரியும் ஆனார். 1953 ஆகஸ்டு 19-ந் தேதி அவரைக் கவிழ்த்ததில் அமெரிக்காவின் கை இருந்ததை அந்நாட்டு உளவு இலாகாவின் ஆவணங்களே 2013-ல் ஒப்புக்கொண்டன. 1979-ல் ஷாவே விழுந்தார். அடுத்த வருஷம் கூடிய சபையின் பெயரிலிருந்து 'தேசிய' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'இஸ்லாமிய' என்று போட்டார்கள். தோட்டத்து ஜனங்கள் 1906-ல் வேண்டாம் என்ற அதே பெயர். நூரி கேட்ட ஐந்து பேருக்குப் பதில் பன்னிரண்டு பேர் கொண்ட காவல் சபை வந்தது. அதில் பாதிப் பேர் மார்க்க அறிஞர்கள்.

டெஹ்ரானில் ஒரு பெரிய நெடுஞ்சாலைக்கு ஷேக் ஃபஸ்லுல்லா நூரியின் பெயரை வைத்திருக்கிறார்கள். தப்ரீஸில், அரசியல் சட்ட இயக்கத்தார் கூடிப் பேசிய பழைய வீடு ஒன்று காட்சிசாலையாக இருக்கிறது. அங்கே ஸத்தார் கான் முதலியோரின் நினைவுப் பொருள்களுக்கு நடுவே நெப்ராஸ்காவில் பிறந்த அந்த வாத்தியாருக்கும் ஒரு மார்பளவுச் சிலை உண்டு.

ஆம்பூர்ப் பெரியவரின் விலாசத்தை நான் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை.